எழுதிய குகையும் எழுதாத கதையும்

"எங்களுக்கு ஒரு திருடன் குறைகிறான், வருகிறாயா?" என்று ஆய்வகத்தில் பக்கத்து மேசைக்காரன் கேட்டான். 1998. மேற்படிப்புக்காக மினியாபொலிஸுக்குப் போன முதல் குளிர்காலம். நவம்பரில் தொடங்கும் பனி மார்ச் தாண்டியும் விழும் ஊர் அது. வெள்ளிக்கிழமை இரவு யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் எதற்கு என்று கேட்காமல் கிளம்பிவிட வேண்டும். கிளம்பினேன்.

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரை அதற்கு முன்பே கேள்விப்பட்டிருந்தேன். கம்ப்யூட்டரில் ஆடுவது என்று நினைத்திருந்தேன். அங்கே கம்ப்யூட்டர் இல்லை. பேஸ்மென்ட்டில் ஒரு நீள மேசை, சுற்றிலும் ஆறேழு பேர், சீவிய பென்சில்கள், சோள சிப்ஸ், நாலு முகத்திலிருந்து இருபது முகம்வரை விதவிதமான பகடைகள். ஒருவர் மட்டும் அட்டைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர்தான் டன்ஜன் மாஸ்டர், எல்லோரும் டி.எம். என்பார்கள். அவர் நிலைமையைச் சொல்வார்: மழை, இருட்டு, முன்னால் ஒரு கதவு, உள்ளே முனகல் சத்தம். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கேரக்டர். ஒருவர் போர்வீரர், ஒருவர் பூசாரி, ஒருவர் மந்திரவாதி, நான் திருடன். என்ன செய்கிறோம் என்று நாம் சொல்ல வேண்டும். கைகூடுமா கூடாதா என்ற சந்தேகம் வரும் இடத்தில் பகடை உருளும். கடைசியில் ஜெயித்தவர், தோற்றவர் என்று யாரும் கிடையாது. கடைசி என்றே ஒன்று கிடையாது. ஆட்டம் வருஷக்கணக்கில் போகும்.

எங்கள் டி.எம். பொது நூலகத்தில் வேலை பார்த்தவர். ஐம்பதைத் தாண்டியவர், எழுபதுகளிலிருந்தே ஆடுபவர். அவர் வீட்டு அலமாரியில் ஒல்லி ஒல்லியான புத்தகங்கள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு மாட்யூல் என்று பெயர். ஆட்டத்துக்கு வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே எழுதி அச்சிட்ட புத்தகம். அட்டையைத் தைக்காமல் தனியாக விட்டிருப்பார்கள். அதன் உட்பக்கத்தில் வெளிர்நீலத்தில் குகை, கோட்டை, சுரங்கத்தின் வரைபடம். அட்டையை நிமிர்த்தி வைத்தால் அதுவே டி.எம்.முக்குத் திரை.

நான் முதலில் ஆடியது 'த கீப் ஆன் த பார்டர்லாண்ட்ஸ்'. இந்த விளையாட்டை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ் எழுதி 1979இல் வெளிவந்தது. தொடக்கநிலைப் பெட்டிக்குள்ளேயே வைத்து விற்றதால் ஒரு தலைமுறையே அதில்தான் ஆடக் கற்றுக்கொண்டது. அதில் கதை என்று சொல்ல எதுவும் இல்லை. எல்லைப்புறத்தில் ஒரு கோட்டை. கொஞ்ச தூரத்தில் ஒரு பள்ளத்தாக்கு, அதன் இரு பக்கமும் குகைகள், குகைக்கு ஒரு கூட்டம். கோட்டையில் இருக்கும் மனிதர்களுக்குப் பெயர்கூடக் கிடையாது. கோட்டைத் தலைவர், நகை வியாபாரி, பூசாரி என்று தொழிலோடு சரி. பெயர் வைப்பது டி.எம்.மின் வேலை.

கதைதான் இல்லையே தவிர, அந்தப் பள்ளத்தாக்கில் உறவுகள் உண்டு. கோப்ளின்கள் என்ற குட்டைப் பூதங்கள் ஆபத்து வந்தால் ஒரு ரகசியக் கதவைத் திறந்து, அடுத்த குகையில் இருக்கும் ஓகர் என்ற ராட்சதனுக்கு ஒரு பை தங்கக் காசை வீசுவார்கள். காசு விழுந்ததும் அவன் வந்து அடிப்பான். கூலிக்கு அடியாள்! எங்களை ஓட ஓட விரட்டினான். திருடனாகிய நான் இருட்டில் ஒண்டிக்கொண்டு அந்தப் பை கைமாறுவதைப் பார்த்துவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை நாங்கள் அந்த ஓகரிடம் போய், அவர்கள் கொடுத்ததைவிடக் கூடுதலாகத் தருகிறோம் என்றோம். எங்கள் பூசாரிக்கு இது பிடிக்கவில்லை. ராட்சதனோடு பேரமா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். டி.எம். பக்கத்தைப் புரட்டினார், கொஞ்சம் யோசித்தார், பகடையை உருட்டினார். ஓகர் சம்மதித்தான். அடுத்த மூன்று மணி நேரம் நாங்கள் சிரித்த சிரிப்பில் மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மாள் இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

இன்னொன்றும் அந்தப் புத்தகத்தில் உண்டு. பல குகைகளில் சண்டை போடாத பெண்கள் இத்தனை பேர், குழந்தைகள் இத்தனை பேர் என்று எண்ணிக்கை கொடுத்திருக்கிறார் கைகாக்ஸ். அவர்களை என்ன செய்வது என்று எழுதவில்லை. தலைவனை வீழ்த்திய பிறகு மூலையில் ஒடுங்கி நின்றவர்களைப் பார்த்து எங்கள் மேசை இரண்டாகப் பிரிந்தது. ஒரு மாலை முழுக்கப் பகடையே உருளவில்லை. வாதம்தான். செவிலியராக வேலை பார்த்த பெண்மணி, "இவர்கள் மேல் கை வைத்தால் நான் அடுத்த வாரம் வரமாட்டேன்" என்று நேராகவே சொன்னார். கேரக்டர் பேசுகிறதா அவர் பேசுகிறாரா என்று யாரும் கேட்கவில்லை.

அதே டி.எம். அடுத்த வருஷம் எடுத்தது 'டிராகன்லான்ஸ்' வரிசை. 1984இல் டிரேசி ஹிக்மன் முன்னின்று தொடங்கியது. இதில் கதை உண்டு, ஏராளமாக உண்டு. மார்கரெட் வைஸும் ஹிக்மனும் சேர்ந்து எழுதிய நாவல்களும் கூடவே வந்தன. நாம் நம் கேரக்டரை உருவாக்கத் தேவையில்லை. டானிஸ், ரெய்ஸ்ட்லின், ஸ்டர்ம் என்று எல்லாம் தயார். மரங்களின் மேல் கட்டிய ஊர், தெய்வங்கள் கைவிட்ட உலகம், நீலப் படிகக் கைத்தடியோடு ஒரு பெண். தொடக்கம் அபாரம். ஆனால் முதல் மாட்யூலில் நாம் போக வேண்டிய இடம் பாழடைந்த ஒரு நகரம், அவ்வளவுதான். வேறு திசையில் திரும்பினால் படை வருகிறது. இன்னொரு திசையிலும் படை. முக்கியமான பாத்திரம் செத்தால் உடல் கிடைக்காதபடி பார்த்துக்கொள்ளும்படி டி.எம்.முக்கு யோசனை சொல்லியிருந்தது. பின்னால் கதைக்கு ஆள் வேண்டுமே! ஆட்டக்காரர்கள் இதை 'ரெயில்ரோடிங்' என்று திட்டுவார்கள். தண்டவாளம் போட்டாயிற்று, நீ ஜன்னல் வழியாக வேடிக்கை பார்.

எங்கள் மேசையில் முணுமுணுப்பு தொடங்கியது. தச்சு வேலை பார்த்த ஒருவர், "நான் இல்லாவிட்டாலும் இது இப்படித்தானே நடக்கும்?" என்றார். அதற்குப் பதில் இல்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பாழ்நகரத்தில் சங்கிலியில் தொங்கும் இரண்டு பெரிய இரும்புக் கொப்பரைகள் லிஃப்ட் மாதிரி ஏறி இறங்கும். மேலே ஒரு கொப்பரைக்குள் குள்ளர்கள் கூட்டமாக ஏறிக் குதித்தால், அந்தப் பாரத்தில் மற்றது மேலே வரும். அந்த லிஃப்டில் எங்களுக்கு நடந்த கூத்தை இன்றைக்கும் பழைய ஆட்கள் ஃபோனில் பேசினால் சொல்லிச் சிரிக்கிறோம். தண்டவாளம் போட்டவர்தான் அந்தக் கொப்பரையையும் தொங்கவிட்டார்.

2000 ஆகஸ்டில் நாங்கள் கார் போட்டுக்கொண்டு மில்வாக்கியில் நடந்த ஜென் கான் திருவிழாவுக்குப் போனோம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மூன்றாம் பதிப்பு வெளியான திருவிழா அது. பெரிய கூடங்களில் மேசை மேசையாக ஒரே மாட்யூலை ஒரே நேரத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். மதியம் சாப்பாட்டு வரிசையில் முன்பின் தெரியாத ஒருவர் என் சட்டைப்பையில் செருகியிருந்த 'பார்டர்லாண்ட்ஸ்' ஆட்டச் சீட்டைப் பார்த்துவிட்டு, "அந்த ஓகரை நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்றார். காசு கொடுத்து வாங்கினோம் என்றேன். அவர்கள் விஷம் வைத்தார்களாம். பின்னால் நின்ற பெண், எங்களை அவன் மென்றே தின்றுவிட்டான் என்றாள். மூன்று பேரும் ஒரே ஊரில் வளர்ந்தவர்கள்போலப் பேசிக்கொண்டு நின்றோம். சொந்தமாக உருவாக்கிய கதையில் இது நடக்காது. அது அந்த மேசையில் இருந்தவர்களுக்கு மட்டும் சொந்தம்.

அச்சிட்ட மாட்யூல் பிறந்ததற்கும் இந்த மாதிரித் திருவிழாக்களுக்கும் சம்பந்தம் உண்டு. போட்டி வைத்தால் எல்லா அணிக்கும் ஒரே கேள்வித்தாள் வேண்டும். கைகாக்ஸின் 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' 1975இல் பால்டிமோரில் நடந்த ஆரிஜின்ஸ் மாநாட்டில் போட்டியாக ஆடப்பட்டு, 1978இல்தான் புத்தகமாயிற்று. அவருடைய டி.எஸ்.ஆர். நிறுவனம் தனி மாட்யூல்களை விற்கத் தொடங்கியதும் அந்த வருஷம்தான். ஆளாளுக்குச் சொந்தமாகக் கற்பனை செய்துகொள்ளும் ஆட்டத்துக்கு இன்னொருவர் எழுதிய கற்பனையை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று அதுவரை அங்கே நினைத்திருந்தார்கள். இலினாய் மாநிலத்தின் டிகேட்டர் நகரிலிருந்த ஜட்ஜஸ் கில்ட் என்ற சிறு நிறுவனம் 1976 முதல் விற்றுக் காட்டியது.

அதற்கும் முன்னால் போனால் எழுத்தே இல்லை. அதுவும் நான் குடியிருந்த ஊரிலேயே! 1969 வாக்கில், மினியாபொலிஸும் செயின்ட் பாலும் சேர்ந்த இரட்டை நகரத்தில் டேவிட் வெஸ்லி என்பவர் நெப்போலியன் காலத்துப் போர் விளையாட்டு ஒன்றை நடத்தினார். பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊர். தளபதிகளோடு மேயர், வங்கிக்காரர் போன்ற வேடங்களையும் ஆட்களுக்குக் கொடுத்தார். அவர்கள் போரை மறந்துவிட்டு மூலைக்கு மூலை போய் ரகசியம் பேசிச் சதி செய்யத் தொடங்கினார்கள். ஆட்டம் கெட்டுப்போய்விட்டது என்று வெஸ்லி நினைத்தார். ஆடியவர்களோ இன்னொரு தடவை வேண்டும் என்றார்கள். அவர்களில் ஒருவரான டேவ் ஆர்னசன் அதிலிருந்து தன் 'பிளாக்மூர்' உலகத்தை வளர்த்தார். பிறகு அவரும் கைகாக்ஸும் சேர்ந்து 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டார்கள். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் அந்த நூலக டி.எம்.தான். சொல்லும்போது தன் அலமாரியைப் பார்த்துக் கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தார்.

டிராகன்லான்ஸ் சலிப்பில் எங்களில் பாதிப் பேர் வேறொரு மேசைக்குப் போனோம். நாடகம் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் நடத்தியது. புத்தகம் இல்லை, வரைபடம் இல்லை, திரைகூட இல்லை. முதல் நாள் என்னைப் பார்த்து, "உன் கேரக்டருக்கு வாழ்க்கையில் என்ன வேண்டும்?" என்றாள். எனக்குத் தெரிந்த திருடனுக்குக் கதவைத் திறக்கத் தெரியும், பொறியைக் கண்டுபிடிக்கத் தெரியும். வாழ்க்கையில் என்ன வேண்டும் என்று அவனை யாரும் கேட்டதில்லை. திணறினேன். "ஊருக்குத் திரும்ப வேண்டும், முடியவில்லை" என்று ஏதோ சொன்னேன். அந்த ஒரு வரியிலிருந்து அவள் மூன்று மாதக் கதையை எடுத்தாள். கதைதான் முக்கியம், ஆட்டக்காரர்களின் ஆசைதான் பாதை என்ற அந்த முறையில் நான் மயங்கிப்போனேன் என்றே சொல்லலாம்.

அவள் படிப்பு முடிந்து போனபின் டி.எம். நாற்காலி எனக்கு வந்தது. நானும் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. வாரா வாரம் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஒருநாள் தச்சரின் கேரக்டர், சிறுவயதில் குடும்பத்தைப் பிரிந்தவன், ஒரு சத்திரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் தாய் பாடிய தாலாட்டைப் பற்றி அவரே முன்பு எப்போதோ சொல்லியிருந்தார். நான் சத்திரத்துப் பாடகனை அதே தாலாட்டைப் பாட வைத்தேன். தச்சர் எழுந்து நின்றுவிட்டார். "அவன் என் தம்பி" என்றார். செவிலியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்படி ஒரு திருப்பம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் கேட்டார்கள்.

பனியில் காரை உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும்போதுதான் எனக்கே விளங்கியது. எம்.ஜி.ஆர். இரட்டை வேடத்தில் நடித்த 'நாளை நமதே', 1975. பிரிந்துபோன அண்ணன் தம்பிகளைக் குடும்பப் பாட்டு சேர்த்து வைக்கும் படம். அதுவும் 'யாதோன் கீ பாராத்' என்ற இந்திப் படத்தின் மறு ஆக்கம். வரிசையாக யோசித்துப் பார்த்தேன். ஏரித் தண்ணீரை மடக்கிக்கொண்ட பண்ணையார், அவருக்குக் கணக்கெழுதும் கோழை, நல்லவர்போலப் பேசும் தாய்மாமன். என் வில்லன் ஒவ்வொரு முறை பேசும்போதும் கையைப் பிசைந்துகொண்டே பேசியிருக்கிறான். நம்பியார்! எழுதாமல் ஆடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, பதினைந்து வயதுக்குள் டூரிங் டாக்கீஸிலும் தூர்தர்ஷனிலும் பார்த்ததையெல்லாம் அந்தப் பேஸ்மென்ட்டில் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர்களுக்குப் புதுசு. எனக்கு ரீரன்.

அந்த நாடகப் பெண்ணின் கதைகளிலும் ஒவ்வொரு தடவையும் குருதான் துரோகம் செய்தார் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. அவளுக்கும் ஒரு டூரிங் டாக்கீஸ் இருந்திருக்கும். கை நிறையச் சுதந்திரம் இருக்கும்போது மனம் போய் நிற்கிற இடம் ரொம்பச் சின்னது. கோப்ளின்கள் ராட்சதனுக்குக் கூலி கொடுப்பார்கள் என்று எனக்கு ஆயுசுக்கும் தோன்றியிருக்காது. தோன்ற இன்னொரு மண்டை வேண்டியிருந்தது. அந்தக் காரணத்துக்காகத்தான் மறுபடியும் நூலகரின் அலமாரிக்குப் போனேன்.

சுதந்திரம் மட்டும் போதாது என்பதைக் கதைதான் முக்கியம் என்ற பக்கத்து ஆட்களும் நன்றாகவே அறிந்திருந்தார்கள் என்பது கொஞ்ச காலம் கழித்துப் புரிந்தது. வின்சென்ட் பேக்கரின் 'டாக்ஸ் இன் த வின்யார்ட்' 2004இல் வந்தது. கடவுளின் பெயரால் ஊர் ஊராகக் குதிரையில் போய்ப் பாவங்களை விசாரித்துத் தீர்ப்பு சொல்லும் இளைஞர்களின் ஆட்டம். அதில் ஆட்டம் நடத்துபவர் உட்கார்ந்து ஓர் ஊரை எழுத வேண்டும்: யாருடைய கர்வத்தில் தொடங்கியது, அதிலிருந்து என்ன அநீதி, கடைசியில் கொலைவரை எப்படிப் போகும். அதோடு பேனாவை மூடிவிட வேண்டும். எது சரி, முடிவு என்ன என்று நினைக்கக்கூடாது. அது ஆட்டக்காரர்கள் வந்து சொல்வது. 2010இல் அவரும் மெகி பேக்கரும் கொண்டுவந்த 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்'டும் கதையை முன்கூட்டியே போடாதே என்கிறது. கூடவே, அச்சுறுத்தும் ஆட்கள் யார், அவர்களை விட்டுவிட்டால் என்ன செய்வார்கள் என்று எழுதி வைக்கவும் சொல்கிறது. 1979இல் ஒரு பள்ளத்தாக்கை எழுதியவரும் இவர்களும் ஒரே கட்சி என்பது என் அபிப்பிராயம். இரண்டு பக்கத்து ஆட்களும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

சென்னைக்குத் திரும்பி வந்து பல வருஷம் கழித்து, ஒரு கோடை விடுமுறையில் அக்கா பிள்ளைகளை உட்கார வைத்து ஆடினேன். 2014இல் வந்த ஸ்டார்ட்டர் பெட்டி, அதோடு வந்த 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபாண்டெல்வர்'. முதல் காட்சியில் பாதையின் குறுக்கே இரண்டு குதிரைகள் அம்பு பாய்ந்து செத்துக் கிடக்கும். புதரில் கோப்ளின்கள் ஒளிந்திருக்கும். சண்டை வர வேண்டிய இடம்.

"மாமா, அந்தக் குதிரைங்க யாரோடது?" என்றாள் சின்னவள்.

புத்தகத்தில் பதில் இருந்தது. அவர்களை வேலைக்கு அமர்த்திய குள்ளர், அவர்கூடப் போன வீரர், அந்த இருவருடைய குதிரைகள். சொன்னேன்.

"அப்ப முதல்ல குழி தோண்டிப் புதைச்சிடலாம் மாமா. இப்படியே விட்டுட்டா போறது?"

பெரியவன் தலையில் அடித்துக்கொண்டான். பதினொரு வயதுப் பெண் சொன்ன மாதிரியே குழி தோண்டினார்கள். கோப்ளின்கள் புதருக்குள்ளிருந்து அம்பு விட்டன. பிடிபட்ட ஒன்றிடம் தகவல் கேட்கலாம் என்று புத்தகம் சொல்கிறது. இவள், "உனக்குச் சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டாள். அது புத்தகத்தில் இல்லை. சம்பளமே கிடையாது, அடிதான் கிடைக்கும் என்று கோப்ளின் குரலில் சொல்லிவைத்தேன். அன்றிலிருந்து அது அவர்களுடைய சமையல்காரன். அடுத்த குகையில் அதன் சொந்தக்காரர்களோடு சண்டையா சமாதானமா என்று இரண்டு நாள் பஞ்சாயத்து நடந்தது. புத்தகத்தின் கடைசியில் வரும் சுரங்கத்துக்கு அவர்கள் போய்ச் சேரவே இல்லை, பள்ளிக்கூடம் திறந்துவிட்டது.

மாட்யூலா, சொந்தக் கதையா என்று இப்போது கேட்கும் பையன்களிடம் நான் வேறு கேள்வி கேட்கச் சொல்கிறேன். அந்தப் புத்தகம் ஓர் இடத்தையும் அங்கே இருப்பவர்களின் கொடுக்கல் வாங்கலையும் எழுதியிருக்கிறதா, அல்லது நீங்கள் அடுத்து என்ன செய்வீர்கள் என்பதையே எழுதியிருக்கிறதா? முதலாவது என்றால் காசு கொடுத்து வாங்குங்கள். இரண்டாவது என்றால், நண்பரிடம் இரவல் வாங்கி, நல்ல அறைகளையும் ஆட்களையும் மட்டும் உருவிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெட்டிக் கட்டத்துக்குள் அச்சிட்டிருக்கும் வர்ணனைப் பத்திகளை அப்படியே வாசிக்க வேண்டாம். மூன்றாவது வரியில் பிள்ளைகள் ஃபோனை எடுத்துவிடுவார்கள். ஒன்றுமே இல்லாமல் நடத்த ஆசைப்பட்டால் தாராளமாக நடத்துங்கள், ஆனால் உங்கள் வில்லன் கையைப் பிசைகிறானா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். டிராகன்லான்ஸை நான் இனி டி.எம்.மாக நடத்த மாட்டேன். யாராவது நடத்தினால், அந்தக் கொப்பரை லிஃப்டுக்காகவே, ஆடப் போவேன்.